ஒட்டுத்தகட்டின் அடியில் ஒரு விரிசல்

2002ஆம் ஆண்டு ஜூன் 17. கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு விளிம்பில், நெவாடா எல்லையை ஒட்டி, வாக்கர் என்றொரு சிற்றூர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் காடு எரிந்துகொண்டிருக்கிறது. நான்கு எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானம் ஒன்று புகையினூடே தாழ்ந்து வருகிறது. அதன் வயிற்றிலிருந்து செந்நிறக் கலவை திரைச்சீலை போல விரிந்து இறங்குகிறது. விமானம் மூக்கை உயர்த்தி மேலெழ முயல்கிறது. அப்போது வலது இறக்கை மேல்நோக்கி மடிகிறது. ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இடது இறக்கையும் மடிகிறது. இறக்கைகள் அற்ற உடல் மட்டும் தரையை நோக்கி விழுகிறது. உள்ளே இருந்த மூவரும் மாண்டனர்.

ரீனோ நகரத் தொலைக்காட்சி ஒன்றின் ஒளிப்பதிவாளர் தீயைப் படம்பிடிக்க அங்கே சென்றிருந்தார். அவருடைய கருவியில் பதிந்த அந்தச் சில நொடிகளை உலகம் முழுவதும் கண்டது; நாமும் கண்டோம். கண்டவர் எவருக்கும் முதலில் எழும் வினா ஒன்றுதான். ஒரு விமானத்தின் இறக்கைகள் இப்படியும் கழன்று போகுமா? யாரும் அதைச் சுடவில்லை, அது எதன்மீதும் மோதவில்லை, புயலிலும் சிக்கவில்லை. நாள்தோறும் செய்துவந்த வேலையைத்தான் அன்றும் செய்தது. இந்த வினாவுக்கு விடை தேடினால் அரை நூற்றாண்டுக் கதையொன்றுக்குள் நாம் இறங்க வேண்டியிருக்கிறது. உலோகம் எப்படிச் சோர்கிறது என்பது அக்கதையின் ஒரு பாதி. அச்சோர்வைப் பார்க்க வேண்டியவர் யார் என்பது மறுபாதி.

போரிலிருந்து திரும்பிய விமானங்கள்

வானிலிருந்து காட்டுத்தீயை அணைக்கும் முயற்சி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1955இல். கலிபோர்னியாவின் வில்லோஸ் என்னும் ஊரில், வயல்களுக்கு மருந்து தெளித்துவந்த ஸ்டியர்மன் என்ற ஈரடுக்கு இறக்கை விமானத்தில் ஏறத்தாழ 640 லிட்டர் கொள்ளும் தொட்டியைப் பொருத்தி, தீயின்மீது நீரைக் கொட்டிப் பார்த்தார்கள். முயற்சி பலித்தது. ஆனால் மலைக்காடுகளின் பெருந்தீக்கு அந்த அளவு நீர் கொசுறுக்குச் சமம். பெரிய விமானம் வேண்டும். அதுவும் மலிவாக வேண்டும்.

அமெரிக்காவில் அன்று மலிவாகக் கிடைத்தவை போர் விமானங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கான குண்டுவீச்சு விமானங்கள் பாலைநிலத் திடல்களில் வரிசையாக நின்றன. குண்டுகள் இருந்த அறையில் தொட்டியை வைத்துவிட்டால் தீயணைப்பு விமானம் தயார். பி-17 வந்தது. கடற்படைக்காகக் கட்டப்பட்ட பிரைவட்டீர் வந்தது. பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடிய நெப்டியூன்களும், படைகளுக்குச் சரக்குச் சுமந்த சி-119களும், பயணிகள் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற டிசி-6, டிசி-7களும் சேர்ந்துகொண்டன. இவற்றை வாங்கிப் பராமரித்து ஓட்டியவை சிறு தனியார் நிறுவனங்கள். கோடைதோறும் ஒப்பந்தத்தில் அவற்றை அமர்த்திக்கொண்டது அமெரிக்க வனத்துறை.

1987இல் சி-119 ஒன்று கலிபோர்னியாவில் தீயணைப்புப் பணியின்போது வானிலேயே உடைந்து மூவர் இறந்தனர். அவ்வகை விமானங்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தை நிரப்ப, படைகள் கழித்துவிட்ட சி-130ஏ, பி-3 விமானங்கள் வனத்துறையின் வழியே தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. பழைய விமானங்களை அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்து மாற்றாக இவற்றைப் பெற்றுக்கொள்ளும் திட்டம் அது. வாக்கரில் விழுந்தது அவ்வாறு வந்த சி-130ஏ விமானங்களில் ஒன்று. 1957இல் கட்டப்பட்டு விமானப்படையில் உழைத்து, 1978இல் ஓய்வுபெற்று, பத்தாண்டுக்குப் பின் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டது. விழுந்த நாளில் அதன் வயது நாற்பத்தைந்து.

முதுமைதான் காரணம் என்று இங்கேயே முடித்துவிடத் தோன்றும். ஆனால் விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் அளக்க முடியாது.

எறும்பு ஊர்ந்த கல்

மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை நாம் அறிவோம். அது மிகையைப் பற்றிய எச்சரிக்கை. தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டும் கடைசிப் பீலி அச்சை முறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியாளர்களும் அச்சு முறிவை அவ்வாறே எண்ணியிருந்தனர். ஆனால் இருப்புப்பாதை வந்தபின் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. எல்லைக்கு மிகக் கீழான சுமையையே நாள்தோறும் தாங்கிவந்த அச்சுகள், ஒருநாள் எந்த மிகையும் இல்லாமலே முறிந்தன. 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே அச்சு முறிந்து ரயில் கவிழ்ந்து பலர் எரிந்து மாண்டனர். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பிற்பாடு பல ஆண்டுகள் ரயில் அச்சுகளைச் சோதித்து விளக்கினார்: ஒருமுறை தாங்கும் சுமையை உலோகம் இலட்சம் முறை தாங்கும் என்று கொள்ள முடியாது. எறும்பூரக் கல் தேய்வதுபோல, ஒவ்வொரு சுழற்சியிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இம்மியளவு வளர்கிறது. உலோகச் சோர்வு என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்.

வானூர்தி உலகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகிலும் ஏப்ரலில் நேபிள்ஸ் அருகிலும் பிரிட்டனின் கோமெட் பயணிகள் விமானங்கள் இரண்டு வானிலேயே சிதறின. ஃபார்ன்பரோவில் ஒரு கோமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஆயிரக்கணக்கான பயணங்களை நடித்துக் காட்டச் செய்தபோது காரணம் வெளிப்பட்டது. 1977இல் லுசாகாவில் சரக்கேற்றிவந்த போயிங் 707 ஒன்றின் வால் இறக்கை சோர்வினால் முறிந்து விழுந்தது. அதையடுத்து 1978இல் அமெரிக்க விதிகளில் புதிய கொள்கை ஒன்று நுழைந்தது. அதன் சாரம் இது: விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள். அது எவ்வளவு விரைவில் வளரும் என்று கணக்கிடு. ஆபத்தான நீளத்தை எட்டுமுன் கண்டுபிடிக்கும்படி சோதனைகளின் இடைவெளியை அமை. நாம் ஏறிச் செல்லும் பயணிகள் விமானங்களின் பாதுகாப்பு இந்த அடக்கமான அவநம்பிக்கையின் மீது நிற்கிறது.

இக்கணக்கைப் போட ஒரு செய்தி இன்றியமையாதது. விமானம் நாள்தோறும் என்ன சுமையைத் தாங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மட்டமாகப் பறக்கும் விமானத்தின் இறக்கைகள் விமானத்தின் எடைக்குச் சமமான விசையைத் தாங்குகின்றன. பாய்ந்து இறங்கி மேலெழும்போது அவ்விசை இரு மடங்காகவும் அதற்கு மேலும் உயரும். இறக்கை மேல்நோக்கி வளையும். அதன் அடிப்புறத் தோல் இழுபடும். பயணிகள் விமானத்துக்கு இது அரிய நிகழ்வு. தீயணைப்பு விமானத்துக்கோ அன்றாடத் தொழில். அது மலைச்சரிவை ஒட்டி இறங்குகிறது, தீ கிளப்பும் கொந்தளிப்புக் காற்றில் குலுங்குகிறது, சி-130ஏ போன்றதாயின் ஏறத்தாழ பன்னிரண்டு டன் வரையிலான சுமையைச் சில நொடிகளில் உதிர்க்கிறது, உடனே மேலெழுகிறது. ஒரே நாளில் இது பலமுறை நடக்கும்.

இதை யாரும் அறியாமல் இல்லை. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, தீயணைப்பில் ஈடுபட்ட டிசி-6 விமானங்களில் கருவிகளைப் பொருத்தி அளந்து, 1974இலேயே அறிக்கை தந்தது. ஈர்ப்பைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவான சுமைகள், பயணிகள் விமானங்களைக் காட்டிலும் இவற்றில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாக நேர்கின்றன என்றது. இவற்றின் ஆயுள் கணிசமாகக் குறையும் என எதிர்பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கை வெளிவந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்தான் வாக்கர் விபத்து நிகழ்ந்தது.

மூன்று விபத்துகள்

வாக்கரில் விழுந்த விமானத்தின் சிதைவுகளை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வலது இறக்கையின் அடிப்புறத் தோலில் பன்னிரண்டு அங்குல நீளச் சோர்வு விரிசலைக் கண்டது. தனித்தனியே தோன்றிய இரு விரிசல்கள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்திருந்தன. அவை பிறந்த இடங்கள் ரிவெட் ஆணித் துளைகள். அத்துளைகள் இருந்ததோ, தோலுக்கு வலுவூட்ட வெளிப்புறத்தில் பொருத்தப்படும் ஒட்டுத்தகட்டின் அடியில். தொழிலில் அதை டப்ளர் என்பர். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தகடுதான் தெரியும். அதன்கீழ் வளரும் விரிசல் தெரியாது.

இந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அடுத்த இடி விழுந்தது. ஜூலை 18 அன்று, வாக்கர் விபத்துக்கு ஒரு மாதம் கழித்து, கொலராடோவில் எஸ்டஸ் பார்க் அருகே பிரைவட்டீர் விமானம் ஒன்று தீயை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தபோது அதன் இடது இறக்கை பிரிந்தது. இருவர் இறந்தனர். அவ்விமானம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் கடற்படைக்கெனக் கட்டப்பட்டது. அதன் இறக்கையின் முன் உத்தரத்திலும் அதையொட்டிய தோலிலும் பரவியிருந்த சோர்வு விரிசலே காரணம் என்று வாரியம் கண்டது. அந்த இடமும் கண்ணில் படாத இடமே. கலவைத் தொட்டிகள் அதை மறைத்திருந்தன. தீயணைப்பு விமானமாக மாற்றுவதற்கு எது பொருத்தப்பட்டதோ அதுவே விரிசலுக்குத் திரையாக நின்றது.

இரண்டு விமானங்களும் வயோமிங் மாநிலத்து கிரேபுல் ஊரைச் சேர்ந்த ஒரே நிறுவனத்துக்கு உரியவை. எனவே குற்றத்தை அந்நிறுவனத்தின் தலையில் ஏற்றிவிட்டு அமைதி அடைந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது விபத்து ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது காலத்தால் முந்தியது.

1994 ஆகஸ்டு 13 அன்று கலிபோர்னியாவின் பேர்பிளாசம் அருகே, வேறொரு நிறுவனத்தின் சி-130ஏ தீயணைப்பு விமானம் வானில் உடைந்து விழுந்து மூவர் இறந்தனர். பார்த்தவர்கள் தீப்பிழம்பைக் கண்டதாகச் சொன்னார்கள். பறக்கும்போதே நேர்ந்த வெடிப்பு என்று வாரியம் முடிவுக்கு வந்தது. கோப்பு மூடப்பட்டது. வாக்கரின் காட்சியைக் கண்டபின் அந்தக் கோப்பை மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று. வாக்கரிலும் தீப்பிழம்பு இருந்தது; ஆனால் இறக்கை முறிந்து எரிபொருள் சிதறியபோது எழுந்த பிழம்பு அது. முறிவுக்குக் காரணமன்று, முறிவின் விளைவு. பேர்பிளாசம் விமானத்தின் எஞ்சிய பாகங்களை மறுபடி ஆராய்ந்தபோது, அதன் வலது இறக்கையின் அடிப்புறத் தோலிலும் சோர்வு விரிசல்கள் இருந்தன. வாரியம் தன் பழைய முடிவைத் திருத்தி எழுதியது.

நம்மை மிகவும் உறுத்துவது இந்த இடந்தான். மூலபாட ஆய்வில் ஈடுபட்டோர்க்கு இவ்வகைப் பிழை புதிதன்று. ஓலையின் ஒரு வரியைப் பிழையாகப் படித்தவர், அப்பிழைக்கேற்பப் பொருளும் எழுதிவிட்டால், அடுத்து வருபவர் பொருளைப் பார்த்து வரியைப் படிப்பார். ஏட்டில் நேரும் பிழையால் உயிர் போவதில்லை. பேர்பிளாசத்தில் நேர்ந்த பிழை எட்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளும் அதே வகை விமானங்கள் அதே வேலையைச் செய்தன. 1994இலேயே விரிசல் கண்டறியப்பட்டிருந்தால், மற்ற சி-130ஏக்களின் ஒட்டுத்தகடுகளுக்கு அடியிலும் யாரேனும் பார்த்திருப்பார்கள் அல்லவா? பார்த்திருப்பார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பார்ப்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

பார்க்க வேண்டியவர் யார்?

விரிசலைப் பார்த்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்டால் விடை வட்டமாகச் சுற்றுகிறது.

விமானத்தைக் கட்டியவர் பார்க்கலாம். ஆனால் இவை படைகளுக்கெனக் கட்டப்பட்டவை. படைகள் கழித்துவிட்டபின், இவற்றின் வடிவமைப்பைத் தொடர்ந்து கண்காணித்து, புதிய விரிசல்களைப் பற்றி உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் கடமை எவருக்கும் இல்லாமல் போயிற்று. பயணிகள் விமானத்தின் உற்பத்தியாளர் செய்வதை இவற்றுக்குச் செய்வார் இல்லை.

விமானப் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் கூட்டரசு நிர்வாகம் பார்க்கலாம். அது இவற்றுக்குக் கட்டுப்பாடுகளுடன் கூடிய தனிவகைச் சான்றிதழ் தந்திருந்தது. ஆனால் அரசுக்காகத் தீயணைக்கப் பறக்கும் நேரத்தில் சட்டப்படி இவை அரசு விமானங்கள். அரசு விமானங்களின் பறப்பை மேற்பார்வையிடும் அதிகாரம் தனக்கில்லை என்பது அதன் நிலை. 1978இல் வந்த விரிசல் கணக்கு விதியும் பயணிகள் விமான வகைக்கெனப் பிறந்தது. படைகளிலிருந்து வந்த இக்கிழட்டு விமானங்கள் அதன் வேலிக்கு வெளியே நின்றன.

வனத்துறை பார்க்கலாம். அதுவோ தனக்கு விமானக் கட்டமைப்பில் வல்லமை இல்லை, நிர்வாகத்தின் சான்றிதழை நம்பியே அமர்த்துகிறோம் என்றது. எஞ்சியவர் உரிமையாளர். அவர் கையில் இருந்தது படைக்காலத்துப் பராமரிப்புக் கையேடு. படைகளில் சரக்குச் சுமந்த விமானத்துக்கு வகுத்த சோதனை முறையும் இடைவெளியும் அதில் இருந்தன. தீயின்மேல் பாய்ந்தெழும் விமானத்துக்கு வகுத்தவை அல்ல. அவர் கையேட்டை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாலும் ஒட்டுத்தகட்டின் அடியில் இருந்தது கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

2002இல் வனத்துறையும் நில மேலாண்மைத் துறையும் அமைத்த வல்லுநர் குழு, அவ்வாண்டு டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முன்னாள் தலைவர் ஜிம் ஹாலும் டெக்சாஸ் மாநில வன அதிகாரி ஜேம்ஸ் ஹல்லும் அதன் இணைத் தலைவர்கள். தீயணைப்பு விமானங்களின் பாதுகாப்பு ஏற்கத்தக்கதாக இல்லை என்று அக்குழு ஒளிவுமறைவின்றிச் சொன்னது. எஞ்சிய சி-130ஏ, பிரைவட்டீர் விமானங்களுக்கு வனத்துறை விடைகொடுத்தது. 2004 ஏப்ரலில் பாதுகாப்பு வாரியம் தன் பரிந்துரையில் வட்டத்தை ஓரிடத்தில் அறுத்தது. இவ்விமானங்களை வேலைக்கு அமர்த்தும் துறைகளே இவற்றின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. அவையே உண்மையான பறப்புச் சுமைகளை அளந்து, அதற்கேற்பச் சோதனைத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. சில வாரங்களில், மே 10 அன்று, முப்பத்து மூன்று பெரிய தீயணைப்பு விமானங்களின் ஒப்பந்தங்களை அரசு ஒரேயடியாக முடித்துக்கொண்டது. அந்தக் கோடை தொடங்கும் வேளை அது.

தரையில் நின்ற விமானங்கள்

இம்முடிவை எல்லோரும் வாழ்த்தவில்லை. காடு எரியும் ஊர்களில் இருந்தோர்க்கு, விமானங்கள் தரையில் நிற்பதே ஆபத்தாகத் தெரிந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டுத் தொழில் நடத்திய சிறு நிறுவனங்கள் நொடித்தன. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. விமானம் வராததால் எரியும் வீட்டுக்கும், வந்ததால் விழும் விமானிக்கும் எந்தத் தராசு பொது?

பறப்பு வரலாறும் கட்டமைப்புத் தரவுகளும் கைவசம் இருந்த பி-3 விமானங்கள் சில, பொறியியல் பரிசீலனைக்குப் பின் அந்தக் கோடையிலேயே மீண்டும் பறந்தன. பிற்பாடு நெப்டியூன்களும் திரும்பின. இறக்கையின் சுமையை அளந்து பதியும் கருவிகள் விமானங்களில் பொருத்தப்பட்டன. நாசா 1974இல் சில விமானங்களில் சோதனைக்காகச் செய்தது இப்போது வழக்கமாயிற்று. 2011இல், வகுத்த சோதனைத் திட்டத்தை நிறைவேற்றவில்லை என்ற காரணத்தால் பி-3 விமானங்களின் ஒப்பந்தத்தையும் வனத்துறை இரத்து செய்தது. 2002இல் நாற்பத்து நான்காக இருந்த பெரிய தீயணைப்பு விமானங்கள் 2012 அளவில் பத்தைச் சுற்றி நின்றன. காட்டுத்தீயோ குறையவில்லை.

அந்த 2012இன் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நெப்டியூன் விமானத்தைச் சோதித்தவர்கள் அதன் இறக்கையில் ஏறத்தாழ இரண்டடி நீள விரிசலைக் கண்டனர். பிப்ரவரியில் கூட்டரசு நிர்வாகம் அவ்வகை விமானங்கள் அனைத்தையும் உடனே சோதிக்க ஆணையிட்டது. வாக்கரில் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது பன்னிரண்டு அங்குல விரிசல். இதுவோ அதைப்போல் இரு மடங்கு. ஆனால் இம்முறை அது கண்டுபிடிக்கப்பட்டது தரையில், யாரும் இறக்கவில்லை. தொலைக்காட்சியில் காட்ட அதில் எதுவும் இல்லாததால் அச்செய்தி நம் கண்ணில் படாமல் போயிருக்கும்.

நெப்டியூன்களின் கடைசிப் பணிக்காலம் 2017இல் முடிந்தது. இன்று தீயின்மேல் பறப்பவற்றுள் பல, பயணிகள் சேவையிலிருந்து வந்த பிஏஇ-146, எம்டி-87, டிசி-10 முதலியன. இவையும் இளமையானவை அல்ல. முப்பது நாற்பது ஆண்டுகள் கடந்தவையும் இவற்றுள் உண்டு. அதனால் அஞ்ச வேண்டுமா என்றால், ஆண்டுக் கணக்கைக் கொண்டு மட்டும் விடை சொல்ல இயலாது. எத்தனை முறை வளைந்தது என்று எண்ணுபவர் இருக்கிறாரா, மறைவிடத்தைத் திறந்து பார்ப்பவர் இருக்கிறாரா, பார்ப்பது தம் வேலை என்று ஒப்புக்கொண்டவர் இருக்கிறாரா என்பவையே கேட்க வேண்டியவை.

பேர்பிளாசத்தில் மூவர், வாக்கரில் மூவர், எஸ்டஸ் பார்க்கில் இருவர் என எண்மர் மாண்டனர். அவர்கள் மேலெழும் ஒவ்வொரு முறையும் அந்த விரிசல்கள் இம்மியளவு வளர்ந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு அது தெரிய வழியில்லை. தெரிந்துகொள்ள வழி இருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும், அதைப் பார்ப்பது அடுத்தவர் வேலை என்று இருந்துவிட்டன.